கல்லூரிச் சுவரும் திருச்சபையின் கண்ணும்

கலைக் கல்லூரிகளில் ஆண்டிறுதியில் நடைபெறும் கண்காட்சி, காண வருவோருக்கு ஒரு விழா. மாணாக்கருக்கோ அது தேர்வு. மற்றத் துறைகளில் பயில்வோர் விடைத்தாளை எழுதிக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றனர். திருத்துவோரைத் தவிர வேறெவரும் அதனைக் காண்பதில்லை. ஓவியமும் சிற்பமும் அச்சுக்கலையும் பயில்வோரின் விடைத்தாளோ சுவரில் தொங்குகிறது. ஆசிரியர்கள் அறை அறையாக நடந்து அதற்கு மதிப்பெண் இடுகின்றனர். பெற்றோரும் நண்பரும் ஊராரும் அதனையே வந்து காண்கின்றனர். ஆகவே அங்கே நாம் காண்பது முடிந்த முடிபன்று. ஓர் இளைஞர் ஓராண்டுக் காலம் வரைந்தும் அழித்தும் திருத்தியும் வந்து சேர்ந்திருக்கும் இடமே அது.

இத்தகைய சுவர்களைப் பற்றி ஓர் இறையியல் ஏட்டில் எழுதவேண்டிய தேவை யாது என்று வாசகர் வினவலாம். இந்நூற்றாண்டில் நம் நாட்டுக் கல்லூரிகளில் வைக்கப்பட்ட படைப்புகளைக் குறித்துக் கிறிஸ்தவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் பேச நேர்ந்த நிகழ்ச்சிகள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நம்மவர் முறையீட்டாளராய் நின்றனர். மற்றொன்றில் வருத்தம் தெரிவிப்போராய் நின்றனர். இவ்விரு நிலைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே குறை இரண்டிலும் காணப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வடோதரா, 2007

வடோதராவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், விடுதலைக்குப் பின் தோன்றிய கலைப் பள்ளிகளுள் தலையாயது. பேந்திரே, சங்கோ சௌத்ரி, கே. ஜி. சுப்ரமணியன் முதலியோர் ஆசிரியராய் இருந்து வளர்த்த இடம் அது. 2007ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், அங்கே தேர்வுக்கென வைக்கப்பட்டிருந்த காட்சியினுள் ஒரு கூட்டத்தார் புகுந்தனர். முதுகலை பயின்றுவந்த சந்திரமோகன் என்னும் மாணவரின் படைப்புகள் சமய உணர்வைப் புண்படுத்துகின்றன என்பது அவர்களது குற்றச்சாட்டு. காவல்துறை அம்மாணவரைக் கைது செய்தது. மே 14ஆம் நாள்தான் அவர் பிணையில் வெளிவந்தார். மாணாக்கர் தங்கள் எதிர்ப்பைக் காட்டும் வகையில், இந்தியக் கலை மரபில் மனித உடல் எவ்வாறு போற்றப்பட்டது என்பதைப் படங்களைக் கொண்டு விளக்கும் ஒரு காட்சியை அமைத்தனர். அதனை மூடுமாறு ஆணை வந்தபோது, பொறுப்புத் தலைவராயிருந்த பேராசிரியர் சிவாஜி பணிக்கர் மறுத்தார். அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் பிறரது சகிப்பின்மைக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே கூறி வருகிறோம். ஆனால் முறையிட்டோருள் மெதடிஸ்டு திருச்சபையைச் சார்ந்த ஓர் ஊழியரும் இருந்தார் என்று அந்நாளைய செய்தித்தாள்கள் தெரிவித்தன. ஏனெனில் சர்ச்சைக்குள்ளான படைப்புகளுள் ஒன்று சிலுவையைப் பற்றியது. பெரியதொரு சிலுவை, அதில் அறையுண்ட கிறிஸ்துவின் உடற்குறிப்புகள், சிலுவையின் அடியில் உண்மையான கழிப்பறைப் பீங்கான், உடலின் நீர் அதனுள் வடிவதுபோன்ற அமைப்பு. இதனைக் கேட்ட மாத்திரத்தில் விசுவாசிகளின் உள்ளம் கூசுவது இயல்பே. அக்கூச்சத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆயினும் கூச்சம் எழும் இடத்தில் சிந்தனை நின்றுவிடலாகாது.

இரண்டாம் நூற்றாண்டில் வாலென்டீனுஸ் என்னும் ஞானவாதக் கொள்கையர், இயேசு உண்டார், குடித்தார், ஆயினும் அவரது உடலில் கழிவு இல்லை என்று போதித்ததாக அலெக்சாந்திரியா நகரத்துக் கிளெமெந்து எழுதிவைத்திருக்கிறார். தூய தேவகுமாரனுக்கு நம்முடையது போன்ற உடல் இருத்தல் தகாது என்ற பக்தியே இத்தகைய போதனைகளுக்கு ஊற்று. கிறிஸ்துவின் மனித உடல் வெறும் தோற்றமே என்னும் அளவுக்கு அப்பக்தி சிலரைக் கொண்டுசென்றது. திருச்சபை அதனை ஏற்கவில்லை. வார்த்தையானவர் மெய்யாகவே மாம்சமானார் என்று அறிக்கையிட்டது. அவ்வாறாயின், சிலுவையில் தொங்கிய உடல் வியர்த்த உடல். குருதியும் நீரும் வடித்த உடல். தன்னைத் தான் துடைத்துக்கொள்ள இயலாத உடல். சிலுவைத் தண்டனையின் கொடுமையுள் பெரும்பகுதி இந்த மானக்கேடே. நம் ஆலயங்களின் சிலுவைகளோ பளபளவென்று துலக்கப்பட்டவை. அந்த மாணவர் இதனையெல்லாம் எண்ணித்தான் செய்தார் என்று நாம் சாதிக்கவேண்டியதில்லை. அவர் வைத்த பொருள் இக்கேள்வியை எழுப்பவல்லது என்பது போதும்.

இனி, திறனாய்வு நோக்கில் அப்படைப்பின் குறையையும் கூறவேண்டும். மார்செல் துஷாம் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 1917இல் ஒரு சிறுநீர்ப் பீங்கானைக் கலைப்பொருளாக அனுப்பிக் கலையுலகைக் கலக்கியபின், அவ்வகைப் பீங்கான் ஓவியப் பள்ளிகளில் ஏறக்குறைய ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. அதிர்ச்சி முதற்பார்வையிலேயே முழுவதும் செலவாகிவிடுகிறது. இரண்டாம் பார்வைக்கு மீதம் குறைவு. உடலின் மானக்கேடு என்ற அரிய கருத்து, பீங்கானின் ஓசையில் அமிழ்ந்துபோகிறது. மத்தியாஸ் குரூனெவால்டு 1512க்கும் 1516க்கும் இடையே ஈசன்ஹைம் மடத்துக்கு வரைந்த பீடப்படத்தை இதனோடு ஒப்பிடலாம். அம்மடத்து மருத்துவமனையில் தோல் கருகி உறுப்புகள் அழுகும் நோயுற்றோர் கிடந்தனர். ஓவியர் கிறிஸ்துவின் தோல் முழுவதையும் புண்ணும் முள்ளுமாகத் தீட்டினார். விரல்களை வேதனையில் விரித்து முறுக்கினார். நோயாளிகள் அவ்வுடலில் தங்கள் உடலைக் கண்டனர். அருவருப்பு அங்கும் உண்டு. ஆனால் அது பார்ப்பவனை விரட்டாமல் அருகே அழைக்கிறது. வடோதரா மாணவரின் படைப்புக்கு நாம் கூறியிருக்கவேண்டிய மறுமொழி இத்தகைய ஒப்பீடே. அம்மறுமொழி கூறப்படவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த முறையீடு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அக்கல்லூரியின் கதை அத்துடன் முடியவுமில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும் அங்கே ஆண்டிறுதிக் காட்சியை ஒட்டிப் பூசல் எழுந்தது. பாலியல் வன்முறைச் செய்திகள் அடங்கிய நாளிதழ்த் துண்டுகளால் தெய்வ உருவங்கள் ஆக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். தேர்வுத்தாளுக்குத் தண்டனை என்னும் வழக்கம் நிலைபெற்றுவருகிறது.

சென்னை, 2019

இரண்டாம் நிகழ்ச்சி நமக்கு இன்னும் அண்மையது. 2019ஆம் ஆண்டு சனவரி 19, 20 ஆகிய நாட்களில் சென்னை லயோலாக் கல்லூரி வளாகத்தில் ‘வீதி விருது விழா’ நடைபெற்றது. நாட்டுப்புறக் கலைஞர்களை அழைத்து ஆடவும் பாடவும் செய்து, அவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பிப்பதே அதன் நோக்கம். அங்கே ஓவியர் முகிலனின் ஓவியங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆளுங்கட்சியையும் மத அரசியலையும் கடுமையாகச் சாடும் படங்கள் அவை. பாரத மாதாவைப் பாலியல் தொல்லைக்கு உள்ளான பெண்ணாகக் காட்டிய படம் அவற்றுள் ஒன்று. பாரதிய ஜனதா கட்சியினர் கடுங்கண்டனம் தெரிவித்தனர். கல்லூரி நிர்வாகம் படங்களை அகற்றியதோடு, தனது வளாகம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று கூறி வருத்தமும் தெரிவித்தது.

நமது சகோதரத் திருச்சபையினர் 1925இல் தொடங்கி நடத்திவரும் கல்லூரி அது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளாய் அங்கே பயில்வோர் பலர். அவர்களது படிப்புக்கும் நிறுவனத்துக்கும் இடையூறு நேருமோ என்ற அச்சத்தை, சிறுபான்மைக் கல்வி நிறுவனம் ஒன்றினை நடத்திப் பார்த்தவர் எவரும் எளிதாகப் பழித்துவிடார். எனினும் அவ்வருத்த அறிக்கையில் ஒன்று விடுபட்டுவிட்டது. படங்கள் யாவும் ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டன. எப்படம் யாது கூறிற்று, எது வெறும் வசை, எது உண்மையான முறையீடு என்ற பகுப்பு அங்கில்லை.

அப்பகுப்பைச் செய்ய முயல்வோம். இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் கேலிச்சித்திரத்தின் மரபைச் சார்ந்தவை. கேலிச்சித்திரம் நாளிதழின் ஓரத்தில் உள்ளங்கையளவு நிற்கும்போது கூர்மையாக இருக்கிறது. அதனையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டும்போது, கூர்மை மழுங்கி முழக்கம் மட்டும் எஞ்சிவிடலாம். எதிரியை உருவம் சிதைத்துக் காட்டும் படம், ஏற்கெனவே உடன்பட்டவரை மகிழ்விக்குமேயன்றி, உடன்படாதவரை ஒரு கணமும் நிற்கவைக்காது. இது கலைக்குறை. ஆனால் பாரத மாதாவைப் பற்றிய படத்தின் கருத்து வேறு வகையினது. நாட்டைப் பெண்ணாக உருவகித்து வணங்குவோர், நாட்டிலுள்ள பெண்களுக்கு நேர்வதை அந்த உருவத்துக்கு நேர்ந்ததாகவே கொள்ளவேண்டுமல்லவா? உருவகத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்லும் வாதம் இது. எருசலேமையும் சமாரியாவையும் பெண்களாக உருவகித்து, கேட்போர் செவியைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு எசேக்கியேல் பேசியிருப்பதை நாம் அறிவோம். அப்படத்தை ஏற்கவேண்டும் என்பதன்று நமது வாதம். அது ஒரு கேள்வி என்பதையாவது ஏற்றிருக்கலாம்.

இப்பூசலில் வேறோர் இழப்பும் நேர்ந்தது. விருது பெற வந்த நாட்டுப்புறக் கலைஞர்களைப் பற்றி எவரும் பேசவில்லை. அவர்களுக்கென எழுந்த விழா, அவர்களைத் தவிர்த்த செய்தியாகிப் போயிற்று.

வடோதராவில் முறையிட்டோரும் சென்னையில் வருந்தியோரும் எதிரெதிர்த் திசையில் நின்றபோதிலும், இரு இடங்களிலும் படம் என்ன சொல்கிறது என்ற வினா தவிர்க்கப்பட்டு, படத்தால் நமக்கு என்ன நேரும் என்ற வினாவே முன்னின்றது. நாம் குறிப்பிட்ட குறை இதுவே.

ஒரு பழைய பள்ளிச் சுவர்

ரோமாபுரியின் பாலடைன் குன்றில், அரண்மனைப் பணிக்கான இளைஞர்கள் பயிற்சி பெற்ற இடம் எனக் கருதப்படும் கட்டடம் ஒன்று உண்டு. 1857ஆம் ஆண்டில் அதன் சுவரில் ஒரு கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. கழுதைத் தலையுள்ள ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஓர் இளைஞன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான் என்ற பொருளில் கிரேக்க எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கி. பி. 200ஐ ஒட்டிய காலத்தது என்று பலர் கருதுகின்றனர். சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவைக் காட்டுவனவாக இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உருவங்களுள் ஒன்று இந்தப் பரிகாசப் படம்.

நம் கவனத்துக்குரியது அதன் அண்டை அறையில் உள்ளது. அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று பொருள்படும் இரு சொற்கள், வேறொரு கையால் எழுதப்பட்டவை, அங்கே காணப்படுகின்றன. எழுதியவர் அலெக்சாமெனோஸ்தானா, அவருடைய தோழரா என்பது தெரியாது. பரிகாசத்துக்கு அது மறுமொழி எனில், அம்மறுமொழி படத்தைச் சுரண்டி அழிக்கவில்லை; அதிகாரியிடம் ஓடவில்லை; வெட்கி விலகவுமில்லை. சுவரில் எழுதப்பட்டதற்குச் சுவரிலேயே, இரு சொற்களில், விடை தந்தது. அழிக்கப்படாததால்தான் அப்படம் இன்று நமக்குச் சான்றாகவும் நிற்கிறது. பகைவனின் கேலியே விசுவாசியின் சாட்சியைக் காத்துவைத்திருக்கிறது.

சீர்திருத்தத்தின் பிள்ளைகள்

நாம் சீர்திருத்தத் திருச்சபைகளின் வழிவந்தோர். உருவங்களைக் குறித்த ஐயம் நம் குருதியில் ஊறியது. அதனை மறைக்கவோ அதற்காக நாணவோ வேண்டியதில்லை. எசேக்கியா ராஜா, மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை மக்கள் தூபங்காட்டி வணங்கத் தொடங்கியபோது உடைத்துப்போட்டான். அது தேவையான உடைப்பு. ஆனால் அதே சர்ப்பம் முன்பு தேவ கட்டளையால் உண்டானது என்பதும், மக்கள் அதனை நோக்கிப் பார்த்தே பிழைத்தனர் என்பதும் திருமறை கூறும் செய்திகளே. உருவம் பார்க்கப்படுவதற்கும் வணங்கப்படுவதற்கும் உள்ள வேற்றுமை அங்கே விளங்குகிறது.

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விட்டன்பர்க் நகரில் கார்ல்ஸ்டாட்டின் தூண்டுதலால் உருவங்களை அகற்றும் வேகம் மூண்டபோது, மறைவிடத்தில் இருந்த லூத்தர் மார்ச்சு மாதம் திரும்பிவந்து எட்டு நாட்கள் தொடர்ந்து பிரசங்கித்தார். உருவங்களை அவர் விரும்பிப் போற்றினார் அல்லர். வன்முறையால் அகற்றுவதையே எதிர்த்தார். வார்த்தை முதலில் உள்ளத்தில் வேலை செய்யட்டும் என்பது அவர் வாதம். சூரிக் நகரிலோ 1524இல் உருவங்கள் மன்றத்தின் ஆணைப்படி ஆலயங்களிலிருந்து முறையாக அகற்றப்பட்டன. இவ்விரு மரபுகளும் நம்மிடம் உண்டு. எனினும் இரண்டுமே ஆலயத்தின் உள்ளே இருந்த உருவங்களைப் பற்றியவை. ஆலயத்துக்கு வெளியே, கல்லூரிச் சுவரில், வணக்கத்துக்கன்றி வினாவுக்காக வைக்கப்பட்ட உருவத்தின்மேல் அக்கட்டளையை ஏவுவது, கட்டளையின் நோக்கத்தையே மாற்றிவிடுவதாகும்.

மேலும், தீர்க்கதரிசிகளே காட்சி வைத்தவர்கள். ஏசாயா மூன்று ஆண்டுகள் ஆடையின்றி நடந்தார். எசேக்கியேல் செங்கல்லின்மேல் நகரத்தை வரைந்தார். அருவருப்பான எரிபொருளால் அப்பம் சுடும்படி கட்டளை பெற்றார். எரேமியா சணல் கச்சையை ஐபிராத்து நதியோரத்துப் பாறை வெடிப்பில் ஒளித்துவைத்து, அது கெட்டுப்போனபின் எடுத்துக் காட்டினார். இன்று அவை ஒரு கல்லூரிச் சுவரில் வைக்கப்பட்டால் முதல் முறையீடு எவரிடமிருந்து வரும் என்பதை நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

சென்னைக் கல்லூரியின் வேறு பாடம்

நம் மாநிலத்துக் கலைக் கல்லூரியின் வரலாறு இவ்வகையில் ஆறுதல் தருவது. 1850இல் அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளி அது. அதன் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணமே 1959இல் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையை நகர்த்தும் அந்நால்வரின் உடலில் முழக்கம் இல்லை, பளுவே உண்டு. அவருக்குப்பின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கரும், பின்னர் அப்பொறுப்பேற்ற சிற்பி எஸ். தனபாலும் கிறிஸ்தவர் அல்லர்; ஆயினும் இருவரும் கிறிஸ்துவைப் பொருளாகக் கொண்டு படைத்தனர். எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. சபை அதற்குக் கூலி தரவுமில்லை. துயருறும் மனிதனை உருவாக்க முற்பட்ட கலைஞர், நம்மைக் கேளாமலே நம் ஆண்டவரிடம் வந்து சேர்ந்தனர். நம் ஆலயச் சுவர்களில் இன்றும் பெரிதும் தொங்குவதோ ஐரோப்பிய அச்சுப்படங்கள். அக்கலைஞர்கள் நம்மைத் தேடி வந்த அளவுக்கு நாம் அவர்களைத் தேடிச் செல்லவில்லை என்பது வருந்தத்தக்கது.

அக்கல்லூரியிலிருந்து வந்த கே. எம். ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் அவரைப் பற்றிக் கோட்டோவியங்கள் பலவற்றை வரைந்தார். வரிமேல் வரியாக இழுத்த கருங்கோடுகள், புகழுரை ஏதுமில்லை. அவர் பல்லாண்டு பணிபுரிந்ததோ நெசவாளர் சேவை மையத்தில். பணிக்கரைச் சூழ்ந்த கலைஞர்கள் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் கைத்தொழிலால் பொருளீட்டி, 1966இல் சோழமண்டலம் என்னும் குடியிருப்பை நிறுவினர். தமிழகத்து நவீன ஓவியம் துணியால் உண்டு உடுத்து வளர்ந்தது என்று கூறினும் மிகையாகாது.

திருப்பூரில் பணியாற்றுவோருக்கு

துணியைப் பற்றிய பேச்சு நம்மைத் திருப்பூருக்குக் கொண்டுவருகிறது. பனியன் தொழில் பரந்துள்ள அப்பகுதியில் ஏற்றுமதியாளர் சங்கத்தாரின் முயற்சியால் 1997இல் பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி ஒன்று தோன்றியது. தையல் மேசையிலும் கட்டிங் மேசையிலும் பாடுபடுவோரின் பிள்ளைகள் இன்று வடிவமைப்பும் ஓவியமும் ஒளிப்படமும் பயிலத் தொடங்கியுள்ளனர். அவர்கள் கல்லூரிச் சுவரில் எதனை வைப்பார்கள்? தாங்கள் கண்டதையே வைப்பார்கள். சாயப்பட்டறைக் கழிவால் நிறம் மாறிய நொய்யலையும், பாசனத்துக்கெனக் கட்டப்பட்டுச் சாயநீர்த் தேக்கமாகிப் போன ஒரத்துப்பாளையம் அணையையும் வைப்பார்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, ஆற்றுக்கு நியாயமும் கூலியாளுக்குப் பட்டினியும் ஒரே நாளில் வந்ததை வைப்பார்கள். விடுதிகளில் அடைபட்டு நூற்பாலைகளில் உழைக்கும் இளம்பெண்களின் முகங்களை வைப்பார்கள். ஒருவர் எரேமியாவின் கச்சையைப்போல் ஆற்றில் புதைத்தெடுத்த துணியையே வைக்கலாம். இன்னொருவர் சிலுவையையும் வைக்கலாம்.

அந்நாளில் அவ்வூர் ஆயரிடம் இருவிதக் கோரிக்கைகள் வரக்கூடும். புண்பட்டோம் என்று கையொப்பமிடுமாறு ஒரு சாரார் கேட்பர். சபையில் பொறுப்பிலுள்ள தொழிலதிபர் மனம் வருந்துவார். ஆதலால் பேசாதிருங்கள் என்று மற்றொரு சாரார் கேட்பர். முன்னதில் வடோதராவின் சோதனையும் பின்னதில் சென்னையின் சோதனையும் உண்டு. இரண்டுக்கும் முன்னதாக ஆயர் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, நேரில் சென்று காணவேண்டும். கைப்பேசியில் பிறர் அனுப்பும் துண்டுப்படம் சாட்சியாகாது. இரண்டாவது, படைத்தவரோடு பேசவேண்டும்; குற்றஞ்சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேளாமல் தீர்ப்பிடலாகாது என்பது நிக்கொதேமு ஆலோசனைச் சங்கத்தில் எழுப்பிய நியாயம். மூன்றாவது, புண்பட்டது விசுவாசமா அல்லது நம் மதிப்பும் வசதியுமா என்று பிரித்தறியவேண்டும். நான்காவது, குறை கண்டால் அதனைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மோசமான படத்துக்குத் தக்க மறுமொழி நல்ல திறனாய்வே. ஐந்தாவது, சொல்லால் எதிர்க்கும் அதே வேளையில் அந்த இளைஞரைக் கூட்டத்தின் கையிலோ சிறையிலோ விட்டுவிடலாகாது.

இவ்வாறு பார்ப்பதற்குத் தனிக் கலைப்பயிற்சி வேண்டுமோ என்று ஆயர்கள் தயங்கவேண்டாம். பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் பணிபுரியும் பெண்கள் அவர்களது சபையிலேயே உள்ளனர். ஒவ்வோர் ஆடையையும் வெளிச்சத்தில் விரித்து, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, தையல் விட்ட இடத்தையும் பிசிரையும் கறையையும் கண்டு குறிப்பது அவர்கள் தொழில். திருப்பிப் பாராமல் எந்த ஆடையையும் அவர்கள் தேறியது என்றும் ஒதுக்குவதில்லை, டேமேஜ் என்றும் தள்ளுவதில்லை. அப்பெண்களுள் சிலரையும் அழைத்துக்கொண்டு ஆயர் அடுத்த ஆண்டிறுதிக் காட்சிக்குச் செல்வாராக. அங்கே என்ன கண்டனர் என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர்களே எடுத்துரைப்பார்களாக. கையொப்பம் கேட்டு வருவோருக்கு விடை அதன்பின் எழுதப்படட்டும்.